மூன்று உருண்டைக்கு எதிராக ஒரு கேரட்

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் அந்த முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நூற்றுப் பதினெட்டுத் தட்டுகள் வரும். அதில் முப்பத்து நான்கு தட்டுகளில் மட்டும் மூன்று உருண்டைகள் இருக்கும். ஒன்று ஆரஞ்சு, ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. ஐஸ்கிரீம் கரண்டியால் அள்ளி, தட்டின் நடுவில் தட்டி, மூடி போட்டு அனுப்பியவை.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கான சாப்பாடு அது. பக்கவாதம் வந்தவர்கள், தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நரம்பு தளர்ந்தவர்கள். கட்டியாக எதைக் கொடுத்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து. அதனால் மற்றவர்களுக்குச் சமைக்கிற அதே காய், அதே மீன், அதே கோழிதான் இவர்களுக்கும், மிக்ஸியில் அரைபட்டு வரும். சத்தில் குறை கிடையாது. ருசியில்கூடப் பெரிய குறை சொல்ல முடியாது. கண்ணால் பார்க்கத்தான் முடியாது.

அந்தச் சமையலறையில் ஒரு பெண்மணி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தட்டுகளுக்கு மூடி போடும் வேலை கொடுத்தார்கள். பழுப்பு உருண்டையைக் காட்டித் தலைமைச் சமையல்காரரிடம் கேட்டார்.

"அண்ணே, இது மீனா கோழியா?"

"செவ்வாய்க்கிழமைன்னா மீன்."

"சாப்பிடறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களுக்கும் செவ்வாய்க்கிழமைதானேம்மா."

புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்மணிக்கு வயது ஐம்பத்திரண்டு. அதற்கு முன் இருபத்தாறு வருடம் ஒரு பேக்கரியில் கேக்குக்கு க்ரீம் அலங்காரம் செய்தவர். க்ரீம் பையைப் பிழிந்து பிழிந்து வலது கட்டைவிரல் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். அந்த வேலையை விட்டதற்கு ஒரே காரணம். முந்தாநாள் கேக்கின் மேல் புது க்ரீம் தடவிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொன்னார் முதலாளி. இவர் பையைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றி மடித்து, அந்தக் கேக்கின் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். கத்தல் இல்லை, கதவை அறையவில்லை. அவருடைய சண்டைகள் எல்லாமே இந்த மாதிரிதான், சத்தம் குறைவு, நகர மாட்டார். இந்தக் கதை எப்படியோ இல்லத்துக்கும் வந்து சேர, நர்ஸுகள் அவருக்கு 'க்ரீமக்கா' என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாவது வாரம் கூடத்தில் தட்டு வைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். நான்காம் மேசையில் சக்கர நாற்காலியில் ஒருவர். முப்பத்தைந்து வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். எல்லோருக்கும் 'டிரைவர் சார்'. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது; பேச்சு வரும், மெதுவாக வரும். க்ரீமக்கா வைத்த தட்டின் மூடியை இடது கையால் தூக்கிப் பார்த்தார்.

"இதை ஏற்கெனவே யாரு சாப்பிட்டது?"

மேசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மூடியைத் திரும்ப வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். தினமும் தள்ளுகிறார் என்று நர்ஸ் சொன்னாள். வரும்போது அறுபத்தொரு கிலோ இருந்தவர் நான்கு மாதத்தில் நாற்பத்தொன்பதுக்கு இறங்கிவிட்டார். நாற்பத்தேழுக்குக் கீழே போனால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து அதன் வழியாகத்தான் உணவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் அதைப் பற்றிக் கேட்டபோது டிரைவர் சார் சொன்ன பதில் அந்த மாடி முழுக்கப் பிரபலம்: "மூடியைத் திறந்து ஊத்தறதுக்கு நான் என்ன டீசல் டேங்கா?"

ஒரு மனிதன் இனி வாயால் சாப்பிடுவானா மாட்டானா என்பது இரண்டு கிலோவில் நின்றது.

மறுநாள் க்ரீமக்கா தன் பழைய க்ரீம் பையையும் ஒரு டப்பா நிறைய மூக்குகளையும் கொண்டுவந்தார். மூக்கு என்றால் பையின் முனையில் மாட்டும் தகரக் கூம்பு. வட்டம், பட்டை, நட்சத்திரம் என்று வாய் வெட்டியிருக்கும். வேலை முடிந்த பிறகு, மிச்சமிருந்த கேரட் விழுதைப் பையில் போட்டு, தடிப்பாக ஆரம்பித்து மெலிதாக இழுத்து ஒரு கேரட் வரைந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சரிந்து குளமாகிவிட்டது.

கெட்டிப்படுத்தும் மாவு சேர்த்தார். இப்போது நின்றது. ஆனால் அதைச் சாப்பிடக் கொடுக்க இன்னொருவர் சம்மதம் வேண்டும். விழுங்கல் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி அங்கே இருக்கிறாள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கரண்டி இருக்கும் என்பதால் 'கரண்டி டாக்டர்'. தான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவள். அவள் சோதனை எளிமையானது. ஒரு வாய் எடுத்துக் கரண்டியைச் சாய்ப்பாள். அது ஒரே கட்டியாக நழுவி விழ வேண்டும். ஒழுகவும் கூடாது, கரண்டியைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது.

க்ரீமக்காவின் கேரட் கரண்டியைப் பிடித்துக்கொண்டது.

"ஒட்டுதுக்கா. கரண்டியில ஒட்டினா தொண்டையிலயும் ஒட்டும்."

"கொஞ்சம் உதறிப் பாருங்க டாக்டரம்மா."

"தொண்டையை உதற முடியாதே."

ஆறு முறை திருப்பி அனுப்பினாள். மாவைக் குறைத்தார், சரிந்தது. கூட்டினார், ஒட்டியது. கடைசியில் வழி மாவில் இல்லை, தண்ணீரில் இருந்தது. கேரட்டைத் தண்ணீரில் வேகவைக்காமல் ஆவியில் வேகவைத்து, துணியில் வடித்து, ஒரு பிடி உருளைக்கிழங்கு சேர்த்து அரைத்து, பத்து நிமிடம் குளிரவைத்துப் பிழிந்தார். ஏழாவது முறை கரண்டியைச் சாய்த்தபோது அது பட்டென்று நழுவி விழுந்தது. கரண்டி டாக்டர் இன்னொரு முறை செய்து பார்த்தாள். பிறகு கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டாள்.

"போங்க. குடுங்க."

அன்று டிரைவர் சாரின் எடை நாற்பத்தேழரை.

மூடியைத் திறந்தவர் வெகுநேரம் பார்த்தார். நீளமான கேரட், கரண்டி விளிம்பால் கீறிய கோடுகள், பட்டாணி விழுதில் ஒரு கொத்து இலை. பக்கத்தில் மீன். பட்டை மூக்கால் ஏடு ஏடாக ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துப் பிழிந்தது, வெந்த மீன் உதிர்கிற மாதிரியே. கரண்டியைத் தொடாமல் முள்கரண்டி கேட்டு வாங்கினார். கேரட்டின் நுனியை வெட்டி வாயில் வைத்தார்.

"உப்பு கம்மி," என்றார்.

முழுத் தட்டும் காலி.

அதற்கப்புறம் மேசை மேசையாகப் பரவியது. எதிர் மேசையில் ஓர் அம்மா தன் மூன்று உருண்டைகளைக் காட்டி, "நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?" என்று கேட்டார். டீயும் மாறியது. கெட்டிப்படுத்திய டீயைக் குழந்தைகளுக்குப் போல மூக்கு வைத்த பிளாஸ்டிக் குவளையில் கொடுப்பது அங்கே வழக்கம். க்ரீமக்கா அதைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, சாசரில் வைத்து, ஓரத்தில் ஒரு சின்னக் கரண்டியும் வைத்தார். டீ அதே டீதான், ஆட்டினால் ஆடாத டீ. ஆனால் கோப்பையின் காதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் பழையபடி அரட்டை அடிக்க ஆரம்பித்தார்கள்.

தலைமைச் சமையல்காரருக்கு இது பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. நூற்றுப் பதினெட்டுத் தட்டுகளை முப்பது நிமிடத்தில் அனுப்ப வேண்டிய மனிதர்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிம்மா? குடிக்கப்போறது கூழு."

"மீசை வெச்சவன் கூழ் குடிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான் அண்ணே?"

"நேரம் சொல்லுது. கடிகாரத்தைப் பாரு."

க்ரீமக்கா கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாளிலிருந்து எட்டு மணிக்குப் பதில் ஆறரைக்கு வந்தார். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வந்தவரைப் போகச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. ஐந்து வாரத்தில் டிரைவர் சாரின் எடை நாற்பத்தொன்பதைத் தாண்டியது. குழாய்ப் பேச்சை டாக்டர் எடுக்கவில்லை.

ஆறாவது வாரம் ஆய்வு அதிகாரி வந்தார்.

வருடத்துக்கு ஒருமுறை முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, சமையலறை, கழிவறை, மருந்து அலமாரி எல்லாம் பார்த்து அறிக்கை எழுதுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குள் நுழைந்தார். ஒரு சக்கர நாற்காலி. அதன் பின்னால் சிவப்பு அட்டை: 'அரைத்த உணவு மட்டும்'. அதில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் முள்கரண்டியில் பாதிக் கேரட்.

அதிகாரி ஓடினார். நிஜமாகவே ஓடினார். முள்கரண்டியைப் பிடுங்கி, காகிதக் கைக்குட்டையை டிரைவர் சாரின் வாயருகே நீட்டி, "துப்புங்க, துப்புங்க" என்றார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சார் துப்பினார். தட்டு அப்படியே குப்பைப் பைக்குள் போனது. கரண்டி டாக்டர் அன்று விடுப்பு. யாரும் எதையும் சாய்த்துப் பார்க்கவில்லை. மாலைக்குள் அறிக்கை வந்துவிட்டது: விழுங்கும் ஆபத்து உள்ளவருக்குக் கட்டியான உணவு பரிமாறப்பட்டது. பரிமாறியவர் இன்னார்.

கேரட் கேரட்டைப் போலவே இருந்ததுதான் குற்றமாகிவிட்டது.

மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்.

"தப்பை ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. எச்சரிக்கையோட முடிஞ்சிடும். இல்லைன்னா விசாரணை, வேலையே போகலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கட்டியான சாப்பாடு குடுத்தேன்னு எழுதியிருக்கு மேடம். நான் குடுக்கலை."

"பாக்க அப்படித்தானே இருந்துச்சு?"

"பாக்க அப்படி இருக்கணும்னுதான் ஏழு தடவை செஞ்சேன். அதை எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

மேலாளர் தாளை மடித்து உள்ளே வைத்தார். விசாரணை முடியும்வரை க்ரீமக்கா பாத்திரம் தேய்க்க வேண்டும், அரைத்த உணவின் பக்கம் போகக் கூடாது. ஐஸ்கிரீம் கரண்டி திரும்ப வந்தது.

வீட்டில் தங்கை பொரிந்தாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுக்கு. தினம் ஆயிரம் பேரிடம் வளைந்துகொடுத்துப் பழகியவள்.

"ஒரு கையெழுத்துக்கா. உன் பேருதானே, என்ன கிரீடமா?"

"போட்டேன்னா, அது கேரட் இல்லை, ஆபத்துன்னு ஆயிடும். அப்புறம் எவளும் அங்க உருண்டையைத் தவிர எதுவும் வைக்க முடியாது."

"பேக்கரியில ஒண்ணு. இங்க ஒண்ணு. நீ எந்த வேலையில இருந்துதான் ஒழுங்கா ரிட்டயர் ஆவே?"

"ஆகறப்போ சொல்றேன். சோத்தைப் போடு."

இல்லத்தில் டிரைவர் சார் மூடியைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். ஒன்பதாம் நாள் எடைக் கருவி நாற்பத்தாறு புள்ளி ஒன்பது காட்டியது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்று முடிவானது. டாக்டர், மேலாளர், ஆய்வு அதிகாரி, மகள், கரண்டி டாக்டர். குழாய் வைக்க மகள் சம்மதக் கையெழுத்துப் போடுவது முதல் விஷயம். க்ரீமக்காவின் விவகாரம் இரண்டாவது.

புதன்கிழமை கரண்டி டாக்டர் பாத்திரத் தொட்டிக்கு வந்தாள்.

"எதுவானாலும் கூட்டத்துலதான் சொல்லணும்னுட்டாங்க. நாளைக்கு நான் பேசிப் பாக்கறேன்க்கா. ஏழாவது தடவை சரியா இருந்துச்சுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"பேசி என்ன பிரயோசனம்? பாத்துத்தானே கெடுத்தாங்க. பாத்துத்தான் சரியாகணும்."

வியாழன் காலை பத்தே கால். தலைமைச் சமையல்காரர் தொட்டிப் பக்கம் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் இப்ப மளிகை அறைக்குப் போய் மூட்டை எண்ணப்போறேன். அரை மணி நேரம் ஆகும். ஆவியில வெச்சு அரைச்ச கேரட்டும் கோழியும் மிக்ஸி பக்கத்துல இருக்கு, கிழங்கும் இருக்கு. யார் தொட்டாலும் எனக்குத் தெரியாது."

"சரிண்ணே."

"மீசையை நல்லா முறுக்கி விடு."

பதினொன்று பத்துக்கு மேலாளர் அறைக் கதவு திறந்தது. தட்டுவண்டியைத் தள்ளிக்கொண்டு, ஈர ஏப்ரனோடு க்ரீமக்கா உள்ளே வந்தார். இரண்டு மூடிகள். அதிகாரியின் முன் இரண்டு தட்டுகளையும் வைத்து மூடிகளை எடுத்தார். ஒன்றில் ஆரஞ்சு உருண்டை, பழுப்பு உருண்டை. இன்னொன்றில் கேரட், பக்கத்தில் ஒரு கோழிக்கால், எலும்பு முனை மட்டும் வெள்ளையாக உருளைக்கிழங்கில்.

"உங்களை யார் கூப்பிட்டாங்க?" என்றார் மேலாளர்.

"யாரும் இல்ல மேடம். ரெண்டும் ஒரே பாத்திரத்துல இருந்து வந்தது. சார் ஒரு வாய் சாப்பிட்டுப் பாக்கட்டும். எது வேணுமோ எடுத்துக்கலாம்."

அதிகாரியின் கை, யோசிக்கும் முன்பே, கேரட் பக்கம் போனது. போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கை பாதியில் நின்றது. டாக்டர் ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

டிரைவர் சாரின் மகள் உருண்டைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் வருவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்பாவின் மதியத் தட்டை மூடி இல்லாமல் பார்த்ததே இல்லை. பழுப்பு உருண்டையில் ஒரு கரண்டி எடுத்தாள். வாய் வரை கொண்டுபோனாள். கீழே வைத்தாள்.

"இதைத்தான் அப்பா வேண்டாம்னு சொன்னாரா? நான் அவரைத் திட்டிட்டுப் போனேன், பிடிவாதம் பிடிக்காதீங்கன்னு."

கரண்டி டாக்டர் எழுந்து, கோழிக்காலில் ஒரு வாய் எடுத்துச் சாய்த்தாள். நழுவி விழுந்தது. கேரட். அதுவும் விழுந்தது. அதிகாரி கரண்டியைக் கேட்டு வாங்கித் தானும் இரண்டு முறை செய்தார். வேலையில் சுத்தமான மனிதர்தான் அவரும்.

"சரி, இது கட்டியான உணவு இல்லை. அதைத் திருத்திடறேன்," என்றார். "ஆனா ஒரு கேள்வி. நாளைக்கு யாராவது ஒரு புது நர்ஸ் தப்பா நிஜக் கேரட்டையே வெச்சுட்டா? அதையும் உங்க கேரட்டுன்னு நினைச்சு எல்லாரும் சும்மா இருப்பாங்களே. அப்ப யார் ஓடுவா?"

கரண்டி டாக்டரே தலையாட்டினாள். "அது நிஜம்க்கா. நானே ஏமாந்துடுவேன்."

"அதனால தட்டு மேல ஒரு அட்டை வைக்கணும். 'இது அரைத்த உணவு'ன்னு பெருசா," என்றார் அதிகாரி.

"வைக்க மாட்டேன்."

"ஏன்?"

"கேரட் மேல 'நான் கேரட் இல்லை'ன்னு போர்டு மாட்டினா, அதுக்கு உருண்டையே தேவலை. சாப்பிடறவர் கண்ணு படற பக்கம் எதுவும் வரக் கூடாது."

பிறகு க்ரீமக்கா தட்டை மெதுவாகத் திருப்பினார். கரண்டியின் பின்பக்கத்தைக் கேரட்டின் மறுபுறத்தில் வைத்து லேசாக அழுத்தினார். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. கோழிக்காலிலும் அப்படியே ஒன்று.

"நிஜக் கேரட்டுல இப்படி ஒரு பள்ளம் போடுங்க சார், பாக்கலாம். கிச்சன்லயே, ஒவ்வொண்ணுலயும், பின்பக்கம். பரிமாறறவங்க நிக்கிற பக்கம் பள்ளம். உக்காந்து சாப்பிடறவங்க பக்கம் கேரட். பள்ளம் இல்லாத தட்டு மேசைக்கே போகக் கூடாது."

அதிகாரி தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பேனாவை எடுத்து நிறைய எழுதினார். மூன்று மாதம் சோதனையாக நடக்கட்டும், தினம் கரண்டிப் பரிசோதனையின் பதிவு வேண்டும், என்று எழுதியதை வாசித்துக் காட்டினார். டாக்டர் இரண்டு வாரம் கழித்து எடை பார்ப்போம் என்றார். மகள் குழாய்ச் சம்மதத் தாளைக் கையெழுத்தில்லாமல் மேசையின் நடுவுக்குத் தள்ளினாள்.

மேலாளர் விடவில்லை. அனுமதியில்லாமல் கூட்டத்துக்குள் நுழைந்ததற்கு ஓர் எச்சரிக்கை எழுதி நீட்டினார். க்ரீமக்கா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார்.

"இது நான் செஞ்சதுதான்," என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து எடை நாற்பத்தெட்டைத் தொட்டது, குழாய்ப் பேச்சு நின்றது. அது பிறகு நடந்தது. அந்த வியாழக்கிழமை மதியம், மணி அடித்தபோது, நான்காம் மேசைக்கு க்ரீமக்காவே தட்டைக் கொண்டுபோனார். டிரைவர் சார் மூடியைத் தொடவில்லை. இவர் எடுத்தார்.

டிரைவர் சார் பார்த்தார். ஒன்பது நாள் கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. இடது கையால் தட்டை மெதுவாகச் சுற்றி, பின்பக்கத்தையும் பார்த்தார், வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று வருகிறவரைப் போல.

"பின்னாடி யாரோ இடிச்சிருக்காங்க."

"இனிமே எல்லா வண்டிக்கும் அப்படித்தான் டிரைவர் சார். இடிபடாத வண்டி வந்தா எடுக்காதீங்க, ஆளைக் கூப்பிடுங்க."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான்."

அவர் தட்டைத் திரும்பச் சுற்றி, முன்பக்கத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, முள்கரண்டிக்குக் கை நீட்டினார்.